தூக்கிவிட ஓர் ஆள்

புரோட்டாக் கடையின் பின்கட்டில் கை கழுவப் போனபோதுதான் அந்தக் கல்லை மறுபடியும் பார்த்தேன். ஆத்தூரிலிருந்து தலைவாசல் போகும் நெடுஞ்சாலையில், எங்கள் ஊர் பிரியும் இடத்தில், சர்வீஸ் ரோட்டை ஒட்டிய கடை. குழாயை மூடிவிட்டுத் திரும்பினால், இரண்டு செங்கல் அடுக்குகளின்மேல் ஐந்தடி நீளத்துக்கு ஒரு பலகைக்கல். மேலே கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகள், ஒரு சோப்புத் தூள் டப்பா, ஈரம் காயாத தேங்காய் நார். முன்விளிம்பில் ஓரிடம் மட்டும் பிறை மாதிரி உள்வாங்கி, வழவழவென்று தேய்ந்திருந்தது. வெங்காயம் நறுக்குகிற பையன் கத்தியோடு வந்தான், அந்தப் பிறையில் நாலு இழுப்பு இழுத்தான், கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

எனக்கு அந்தக் கல்லைத் தெரியும். வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூளி. சின்ன வயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்காக ஆயாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அது எங்கள் ஊர்ச் சுமைதாங்கியின் மேல்கல்.

தலைச்சுமை தூக்கிப் பழகாதவர்களுக்குச் சுமைதாங்கி என்றால் ஏதோ பழைய காலத்துப் பெஞ்சு என்று தோன்றும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். உட்காருகிற உயரம் கிடையாது. நிற்கிற ஆளின் தோள் மட்டம். அந்த மட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஆயா குச்சிக்கிழங்குக் கூடையைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். எங்கள் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வோம். கிளம்பும்போது வீட்டில் ஆள் இருக்கும். பழைய புடவைத் துணியைத் திரித்துச் சும்மாடு கோலி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு அவள் குந்தி உட்காருவாள். எதிரே ஒருவர் கூடையின் ஒரு காதைப் பிடிக்க, அவள் மற்றதைப் பிடிக்க, ஒரே மூச்சில் தலைக்கு ஏறும். பிறகு அவள் எழுந்து நடப்பாள். சிக்கல் வழியில்தான். கழுத்து கடுக்கிறது, தாகம் எடுக்கிறது, கூடையை இறக்க வேண்டும். புல்லுக்கட்டாக இருந்தால் தொப்பென்று தள்ளிவிடலாம். கூடையைத் தள்ள முடியுமா? எப்படியோ இறக்கிவிட்டாலும் மறுபடி ஏற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். வெயில் நேரத்தில் தனி வழியில் அந்த ஆளுக்கு எங்கே போவது? அதனால் தலைச்சுமைக்காரர்கள் தாகத்தை விழுங்கிக்கொண்டு நடப்பார்கள். 'தூக்கிவிட ஆள் இல்லை' என்று நாம் சொல்வதன் முதல் பொருள் இதுதான். வேலை வாங்கித் தருகிற சிபாரிசெல்லாம் பிறகு வந்தது.

சுமைதாங்கியின் முன்னால் வந்து நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, தலையை முன்னால் சாய்த்தால் கூடை நழுவிக் கல்லின்மேல் உட்கார்ந்துவிடும். கிளம்பும்போது சும்மாட்டைச் சரிசெய்து, தலையைக் கூடைக்கு அடியில் கொடுத்து, நிமிர்ந்தால் போதும். எதிரே இன்னொருவர் தேவையில்லை. கல்தான் அந்த இன்னொருவர்.

ஆயா என்னை அடித்ததற்குக் காரணம் வேறு. அவள் கோபமாக இருக்கும்போது சொல்லமாட்டாள். இரவு படுத்தபிறகு சொன்னாள். "அது பிள்ளைத்தாய்ச்சியின் கல், கண்ணு. அதன்மேல் உட்காரக் கூடாது." வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்குச் சுமையை இறக்கிவைக்கக் கிடைக்கவில்லை, சுமையோடு போய்விட்டாள். அவள் பேரில் ஊர்வழியில் ஒரு கல் வைத்தால், போகிற வருகிறவர்கள் தங்கள் பாரத்தை அதில் இறக்க இறக்க அவள் பாரமும் இறங்கும். தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்படுகிற நம்பிக்கைதான் இது. ராணிப்பேட்டைப் பக்கம் சுமைதாங்கி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் இதே கல், இதே காரணம், இதே பெயர். அங்கே இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். வழியோரத்தில் மடம், பக்கத்தில் கேணி, சுமைதாங்கி, அதோடு ஆவுரஞ்சிக்கல். ஆவுரஞ்சிக்கல் என்றால் மாடு முதுகு சொறிந்துகொள்வதற்கென்றே நட்ட சொரசொரப்பான கல். தண்ணீர் குடித்த மாட்டுக்கு அடுத்து என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். பருத்தித்துறையில் தெருவின் இருபக்கமும் திண்ணை வைத்து, தெருவையே கூரையால் மூடிய தெருமூடிமடம் ஒன்றும் உண்டு. நான் போய்ப் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததுதான். ஆனால் ஆவுரஞ்சிக்கல்லை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். சாலையை நான்கு வழியாக்கியபோது புளியமரங்களோடு சேர்த்துச் சுமைதாங்கியையும் பொக்லைன் பெயர்த்திருக்கிறது. நின்ற கற்கள் இரண்டும் பாலத்துக்கு அடியில் கொட்டிய மண்ணோடு போயின. மேல்கல் மட்டும் வாய்க்கால் ஓரமாகக் கிடந்திருக்கிறது. "டிராக்டர்காரருக்குக் காசு கொடுத்து எடுத்து வந்தேன், அண்ணா. நல்ல கல். கடப்பாக்கல் இந்தக் கனத்தில் கிடைக்காது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவர் எடுத்து வராவிட்டால் அதுவும் மண்ணுக்குள் போயிருக்கும். அந்தச் சாலைக்கு நாங்கள் 68 என்று சொல்லிப் பழகிய எண்ணும் போய்விட்டது, இப்போது 79.

"இதில் எழுத்து இருக்குமே?" என்றேன்.

"அடிப்பக்கம் இருக்கிறது. தட்டு வைக்க மட்டமான பக்கம் மேலே வேண்டும் இல்லையா?"

மறுநாள் காலை கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். நாலு பேர் சேர்ந்து கல்லை ஒருக்களித்து நிறுத்தினோம். கல்லெழுத்தைப் படிக்கச் சுண்ணாம்பு பூசுகிறவர்கள், மாவு தேய்க்கிறவர்கள், வண்ணமே அடித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தென்னை ஈர்க்குப் பிரஷும் தண்ணீரும் போதும்; அதன் பிறகு பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் எழுத்தின் நிழல் தானாக எழுந்துவரும். கல் நனைந்து கறுத்தது. முதலில் தெரிந்தது 'வருஷம்', அதற்கு முன்னால் 'விரோதி', பிறகு 'தை மீ'. விரோதி வருஷத்துத் தை என்றால் 1890 அல்லது 1950. ஆயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோதே அது பழைய கல் என்று அவள் சொல்லியிருக்கிறாள், ஆகவே 1890தான். ஒற்றெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு வரியை மூன்று விதமாகப் படித்துக் கடைசியில் ஊர்ப்பெயர் என்று கண்டுபிடித்தோம். அடுத்து ஒரு மனிதரின் பெயர், அவர் தகப்பனார் பெயர், குலப்பெயர். அதற்கு அடுத்து 'பாரியாள் ஞாபகாற்தம்'. பாரியாள் என்றால் மனைவி. 'ர்' வரவேண்டிய இடத்தில் 'ற்'. அதன்பிறகு 'உபயம்'. முடிந்தது.

பாரியாள். அவ்வளவுதான் அவள். கணவர் பெயர் இருக்கிறது, மாமனார் பெயர் இருக்கிறது, செத்துப்போனவளின் பெயர் இல்லை. ஏதாவது வரி சிதைந்திருக்குமோ என்று மூளிப் பக்கமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே எழுத்துக்கு இடமே இல்லை. பொளிந்தவன் விட்டுவிட்டானா, சொன்னவர் சொல்லவில்லையா? பெயரோடு நிற்கிற சுமைதாங்கிகளும் உண்டு என்பதால் இது எனக்குக் கூடுதலாக உறுத்தியது. அந்த மனிதரின் வாரிசுகள் ஊரில் இருக்கிறார்கள், ஆகவே பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களிடமும் கேட்டேன். கல்லை வைத்தவர் பெயரை ஐந்து தலைமுறை தாண்டியும் சொன்னார்கள். அவளை 'முதல் தாரம்' என்றார்கள்.

இந்த எரிச்சலோடு ஒரு வாரம், சண்டையில் மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் கவர வந்தவர்களோடு பொருது கருந்தேவக்கத்தி என்பவன் இறந்துபோனான். கல்லில் அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியாக ஒரு வரி, அதன் பெயரையும் சொல்லி: 'ஒரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு'. எசமானன் விழுந்தபிறகும் கள்ளனை விடாமல் கவ்விக்கொண்டு காத்திருந்த நாய். 1,400 வருஷமாக அந்தக் 'காத்திருந்தவாறு' அப்படியே நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு கோழிக்கல். முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்டு மாண்ட சேவலுக்கு எடுத்தது. இந்தளூரில் இன்னொன்று, அது கீழ்ச்சேரிக் கோழி. அதற்குப் பொற்கொற்றி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சேவலுக்குப் பெயர், தெரு, ஊர் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரிக்கு 'பாரியாள்'.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மூன்று நடுகற்கள் இதையெல்லாம்விடப் பழையவை. தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்து பொறித்தவை. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடைய கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். பெரிய போர் எதுவும் கிடையாது, மாட்டுச் சண்டை. இன்றைய செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில் எட்டு வரி வரும். அந்த எட்டு வரிச் சேதிக்குத்தான் அன்று கல் நட்டார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் அதற்கு ஆறு படி சொல்கிறது. நல்ல கல்லாகத் தேடிப் பார்ப்பதே முதல் படி. நட்ட இடமும் ஊர் நடுவோ கோயிலோ அல்ல. 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும்' என்கிறது அகநானூறு. அதர் என்றால் வழி. அந்த வழியாகப் போகிற எவனோ ஒருவன் பார்க்கவேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்த எவனோ ஒருவன் என்ன செய்தான் என்பதையும் அதே நூல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. மதுரை மருதன் இளநாகனார் பாட்டு ஒன்றில், பாலை நிலத்து ஆடவர் அம்பைத் தீட்டித் தீட்டி நடுகல்லின் பக்கங்கள் மெலிந்து போயிருக்கின்றன. கல்லில் பெயர் இருக்கிறது, ஆனால் நின்று முழுக்கப் படிக்க யாரும் இல்லை. களைத்துப்போன வழிப்போக்கர்கள் அப்படியே கடந்து போகிறார்கள்: 'ஆறுசெல் வம்பலர் விட்டனர் கழியும்'. இதைப் படித்தபோது எனக்கு வெங்காயக் கத்திப் பையன்தான் நினைவுக்கு வந்தான். பாவம், அவனைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தீட்டுவதற்குத் தோதான கல் எது என்று 2,000 வருஷமாகக் கத்தி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் பல நடுகற்கள் தப்பிப் பிழைத்ததற்கு ஒரே காரணம் வேடியப்பன். வீரனின் கல்லை வேடியப்பனாக்கி, பொங்கல் வைத்து, எண்ணெய் சாத்திவிட்டார்கள். சாமியான கல்லைப் பொக்லைன் தொடாது. தொட்டாலும் ஓட்டுநர் முதலில் ஒரு கற்பூரம் ஏற்றுவார். எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மூழ்கிப்போகும், அது வேறு வருத்தம். எழுத்து போய்க் கல் நிற்பதா, எழுத்தோடு கல்லே போவதா என்று கேட்டால் நான் எண்ணெய்க் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறகழூருக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் சிறிது தூரம்தான். வசிஷ்ட நதிக்கரை. நதி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நான் போன அன்று கருவேல மரம்தான் ஓடியது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்துக்குத் தலைநகர் இந்த ஊர், ஆண்டவர்கள் வாணகோவரையர்கள். ஆறு அகழிகள் சூழ்ந்ததால் ஆறகழூர் என்பார்கள். பக்கத்துத் தியாகனூரில் பெரிய புத்தர் ஒருவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். தலைநகரத்துப் பெருமைகளைப் பற்றி உள்ளூர் ஆர்வலர்கள் நிறையச் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அங்கே கிடைத்த ஒரே ஒரு மைல்கல். 'மகதேசன் பெருவழி' என்று பெயர் சொல்லி, காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்கிற கல். மைல் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியதை மைல்கல் என்று சொல்வது தப்புத்தான். ஆனால் மைலே ஒழிந்து கிலோமீட்டர் வந்தபிறகும் நாம் மைல்கல் என்றுதானே சொல்கிறோம்?

ஏழரை நாழிகை நடந்தால் ஒரு காதம் என்பது பழைய கணக்கு. நாழிகைக்கு 24 நிமிடம், ஆக ஒரு காதம் மூன்று மணி நேர நடை. 16 காதம் 48 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் நடக்கிற ஆள் ஆறாம் நாள் சாயங்காலம் காஞ்சிபுரத்தில் இருக்கலாம், வழியில் கள்ளன் வராவிட்டால். தூரத்தைக் கால்வலியால் அளந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கல்லில் என்னை நிறுத்தியது எழுத்து அல்ல. எழுத்தோடு சேர்த்து 16 சிறு குழிகள் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவன் எண்ணிக்கொள்ளலாம். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பம். நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்ல வேண்டும். 29 குழி வெட்டினால் வேலையும் கூடும், எண்ணுகிறவனுக்கும் குழம்பும். எனவே பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. பெரியது பத்து, சிறியது ஒன்று. பழைய தமிழ் எண்ணில் ௨௰௯ என்று எழுதுவதும் இதே முறைதான்: இரண்டு பத்து, ஒன்பது. எழுத்தில் இருந்த கணக்கைக் குழியில் இறக்கிவைத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு வந்தவனும் விரலால் தடவித் தெரிந்துகொண்டிருப்பான் என்பது என் ஊகம். நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். 16 வந்தது. எண்ணிக்கை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லைதான்.

இப்போது நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநிலச் சாலைக் கல்லுக்குப் பச்சைத் தலை. படிக்காதவருக்கும் நிறம் தெரியும் என்றாலும், நிறம் சொல்வது சாலை யாருடையது என்பதை மட்டுமே. ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது.

வரலாற்றுச் சின்னங்களின் வாசலில் நிற்கிற நீலப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொலைவிலிருந்து ஆசையாக ஓடிப்போய்ப் படித்தால், இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம், சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2010இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் 3 மாதம், 5,000 ரூபாய் என்று இருந்தது. இது யார் கட்டியது, எதற்குக் கட்டியது, இங்கே என்ன நடந்தது என்பதற்குப் பல இடங்களில் ஒரு வரி கிடையாது. நம்மைப் பார்த்ததும் பலகைக்கு முதலில் தோன்றுவது 'இவன் உடைக்க வந்திருக்கிறான்' என்பதுதான் போலிருக்கிறது.

சென்னையில் எழுதி வைத்த கல்லுக்குப் பஞ்சமில்லை. பாரிமுனையில் ஒரு சின்னத் தூண் இருக்கிறது, 1773ஆம் ஆண்டுக் கல். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்ட பயத்தில், கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் நடுவே வெட்டவெளி வேண்டும், இந்த எல்லைக்கோட்டைத் தாண்டி யாரும் வீடு கட்டக் கூடாது என்று கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைச் சுற்றி இன்று கட்டடம் கட்டாத இடம் என்று ஓர் அடி காட்டுங்கள். அங்கிருந்து நடை தூரத்தில் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் எம்டன் கல். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனதற்கு நினைவு. அந்தக் கப்பல் நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டுக் கரைதட்டிவிட்டது. மதிலில் இருக்கிற கல்லை நின்று படிப்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் "அவனா? சரியான எம்டன்" என்று கடலையே பார்க்காத என் ஆயா எங்கள் ஊர்க் கடன்காரரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு கப்பல் ஓர் இரவில் சிறிது நேரம் சுட்டதற்குத் தமிழில் ஒரு சொல் நின்றிருக்கிறது. எந்தக் கல்லும் செய்யாத வேலை.

நம் காலத்துச் சுமைதாங்கி என்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு என்றால் அது பஸ் நிறுத்த நிழற்குடை. வழியோரம், நிழல், உட்கார இடம். எங்கள் ஊர் விலக்கிலும் ஒன்று இருக்கிறது, சுமைதாங்கி நின்ற இடத்திலிருந்து இருபது தப்படி தள்ளி. நெற்றியில் மூன்றடி உயரத்துக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டு, மதிப்பீடு, திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர். ஊர்ப்பெயர் மட்டும் ஓரத்தில், போஸ்டருக்குக் கீழே. 1890இல் அந்த மனிதர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் மட்டும் வெட்டிக்கொண்டதைப் பற்றி இவ்வளவு கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். பெயர் வெட்டாவிட்டால் என்ன, அவளுக்காகச் செலவு செய்திருக்கிறார், கல் வெட்டி, வண்டி கட்டி, ஆள் பிடித்து நட்டிருக்கிறார். ஆயாவின் கழுத்து எத்தனை நாள் அதில் ஆறியிருக்கிறது! இந்த நியாயமெல்லாம் சரிதான். 'முதல் தாரம்' மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

போன மாதம் ஒரு யோசனையோடு கடைக்குப் போனேன். கல்லை எடுத்து நிழற்குடைக்குப் பக்கத்தில் தோள் உயரத்துக்கு நிறுத்திவிடலாம், இரண்டு கால் கல்லுக்கு நான் பணம் தருகிறேன், எழுத்துப் பக்கம் சாலையைப் பார்த்து இருக்கட்டும் என்றேன். தட்டு கழுவ வேறு கடப்பாக்கல்லும் வாங்கித் தருவதாகச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு வீசு வீசினார்.

"நிறுத்தலாம் அண்ணா, எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி நின்றால் ஒரு வாரம்கூட நிற்காது. பழைய கல், பழைய எழுத்து என்று ராத்திரியோடு ராத்திரியாக எவனாவது வண்டியில் ஏற்றிவிடுவான். இங்கே தட்டு கழுவுகிற கல்லை யார் எடுப்பார்கள்?"

அப்படியானால் அடுத்த முறை சாலையை அகலப்படுத்தும்போது என்று ஆரம்பித்தேன். "அப்போது கடையே போய்விடும்" என்று சிரித்தார்.

பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். பையன் கல்லின்மேல் ஒரு சாக்கு வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டு, முதுகை நெளித்துக்கொண்டு நின்றான். எழுத்து அடிப்பக்கம்தான் இருந்தது. டீக்குக் காசு கொடுத்தபோது கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார், "அந்தப் பெண் பெயர் கிடைத்ததா அண்ணா?"

இல்லை என்றேன்.